கேமரா எங்கே நிற்கிறது? பேய்ப்படத்து ரத்தமும் போர்ப்படத்து ரத்தமும்

விடிந்தும் விடியாத நேரம், ஆற்றோரச் சாலை, எதிரே நாலடி தூரம்கூடத் தெரியாத மூடுபனி. வேனில் இரண்டு பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. ரோட்டை விட்டு இறங்கிவிட்டோம் போலிருக்கிறது, நிறுத்து என்கிறார் ஒருவர். கதவைத் திறந்து காலை வைத்தவர் தடுக்கி விழுகிறார். விழுந்த இடத்தில் ஒரு முகம். பக்கத்தில் இன்னொரு முகம். பனி கொஞ்சம் விலகுகிறது. சாலை நெடுக, கண்ணுக்கு எட்டிய மட்டும், இறந்துபோன மனிதர்கள். வண்டி ரோட்டை விட்டு இறங்கவே இல்லை.

இது 2004இல் வந்த ‘ஹோட்டல் ருவாண்டா’ படத்தில் வரும் காட்சி. 1994 ஏப்ரலில் தொடங்கி நூறு நாள் அளவில் ருவாண்டாவில் சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் டுட்சி இன மக்கள், கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலையைப் பற்றிய படம். அத்தனை பெரிய கொடுமையைச் சொல்லும் இந்தப் படத்தில், வெட்டுப்படும் உடம்பைக் கிட்டப் போய்க் காட்டும் ஷாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்குக் கிடைத்தது பிஜி-13 சான்றிதழ், அதாவது பதின்ம வயதுப் பிள்ளைகளும் பார்க்கலாம்.

என் அக்கா மகள் இதை ஹாஸ்டலில் லேப்டாப்பில் பார்த்துவிட்டு மறுநாள் போன் செய்தாள். “சித்தி, போன வாரம் ரம்பத்தை வச்சு ஆளை அறுக்கிற படத்தை நாலு பேரா சேர்ந்து மிக்சர் தின்னுக்கிட்டே பாத்தோம். இதுல ஒண்ணுமே காட்டல. ஆனா நேத்து ராத்திரி தூக்கமே வரல. ஏன் சித்தி?” போனில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. நல்ல கேள்வி அது, சினிமாவைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் முக்கியமான ஒன்று என்றுகூடச் சொல்வேன். அதனால் கொஞ்சம் நிதானமாக, சினிமா பற்றி எதுவும் படித்திராதவருக்கும் புரிகிற மாதிரி, எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ரத்தக் கணக்கை முடித்துவிடலாம். ரத்தம் கூடினால் வன்முறை கூடும், குறைந்தால் குறையும் என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம், சென்சார் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. 1960இல் ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’வின் குளியலறைக் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொலை நடப்பது முக்கால் நிமிடம் அளவுதான். அதை எடுக்க ஏழு நாள் ஆனது, எழுபதுக்கும் மேற்பட்ட கேமரா கோணங்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட எடிட்டிங் வெட்டுகள். கருப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பை ஊற்றினார்கள். கத்தி இறங்கும் சத்தம் முலாம்பழத்தைக் குத்தி எடுத்தது. இந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் இருந்தார், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அந்தக் கிறீச்சிடும் வயலின்களைப் போட்டுக் காட்டிய பிறகுதான் மனம் மாறினார். கத்தி, வாய், கை, தண்ணீர், கால், திரைச்சீலை, கடைசியில் தண்ணீர் சுழன்று இறங்கும் துளை என்று எல்லாம் துண்டு துண்டாகத்தான் வருகிறது. சேர்த்து வைத்து ஒரு முழுக் கொலையாக்குகிற வேலை நம்முடையது. பார்த்தவர்களில் பலர் கத்தி உடம்பைக் கிழித்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்வார்கள்.

ரம்பப் படங்களில் பேர்போனது 1974இல் டோப் ஹூப்பர் எடுத்த ‘தி டெக்சஸ் செயின் சா மாசக்கர்’. பெயரைக் கேட்டவுடன் ரத்த ஆறு ஓடும் என்று தோன்றும். உண்மையில் அதில் ரத்தம் மிகக் குறைவு. ஒரு பெண்ணை இறைச்சிக் கொக்கியில் மாட்டும் காட்சி இருக்கிறது. கொக்கி சதையில் ஏறுவதைக் கேமரா காட்டுவதில்லை. அவள் தூக்கப்படுவது தெரிகிறது, கத்துவது கேட்கிறது, கீழே ஒரு தகரத் தொட்டி இருப்பது தெரிகிறது, அந்தத் தொட்டி எதற்கு என்பது நமக்கே தெரிந்துவிடுகிறது. குடும்பத்தோடு பார்க்கும் சான்றிதழ்கூடக் கிடைக்கலாம் என்று நம்பித்தான் ஹூப்பர் ரத்தத்தைக் குறைத்தார். நடந்தது நேர் எதிர். பிரிட்டனில் 1975இல் சான்றிதழ் மறுக்கப்பட்டு, 1999இல்தான் வெட்டு எதுவும் இல்லாமல் அனுமதி கிடைத்தது. எந்த இடத்தை வெட்டினாலும் அந்தப் படத்தின் பயம் குறையவில்லை, ஏனென்றால் பயம் குறிப்பிட்ட எந்த ஷாட்டிலும் இல்லை, படம் முழுக்கக் கலந்து கிடந்தது.

சரி, ரத்தத்தில் இல்லையென்றால் வித்தியாசம் எதில் இருக்கிறது?

இதற்கு நம்மிடமே ஒரு நல்ல கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லி, ஒவ்வொன்றும் எந்தெந்தக் காரணத்தால் பிறக்கும் என்றும் பட்டியல் போடுகிறது. அச்சம் பிறப்பது நான்கால்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், மிருகம், கொள்ளைக்காரன், அதிகாரத்தில் இருப்பவன். திகில் படங்களில் எதை எடுத்தாலும் அதில் வருகிற ஆபத்து பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுக்குள் வந்துவிடும். அழுகைக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் கேவலப்படுத்தப்படுவது, வேண்டியவர்களையும் வேண்டியதையும் இழப்பது, இருந்த நிலையிலிருந்து குலைந்துபோவது, இல்லாமை. மனிதாபிமானப் போர்ப்படம் என்று நாம் சொல்வது, அதாவது போரில் சண்டை போடுகிறவனை விட்டுவிட்டு அதில் சிக்கிக்கொண்ட சாதாரண ஜனங்களின் பக்கம் நின்று கதை சொல்லும் படம், இந்த நான்கிலும் கால் வைத்து நிற்கிறது. ருவாண்டா படத்தில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும், டுட்சி மக்களைக் கரப்பான் பூச்சி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு வானொலி உண்மையிலேயே அங்கே இருந்தது, ஆர்.டி.எல்.எம். என்று பெயர். கத்தி வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே இளிவு வந்துவிட்டது.

அச்சம் வரப்போவதைப் பற்றியது, அழுகை வந்துபோனதைப் பற்றியது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். திகில் படத்தில் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் உயிர். கதவு திறக்கும் வரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது, திறந்து கத்தி விழுந்ததும் ஒரு அலறல், அதோடு ஒரு மூச்சும் வெளியே வந்துவிடுகிறது. அப்புறம் அடுத்த கதவு. செத்தவனுக்கு யார் காரியம் செய்தார்கள், அவன் அம்மாவிடம் யார் போய்ச் சொன்னார்கள் என்று பெரும்பாலான பேய்ப்படங்கள் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. அது குறையில்லை, அந்த வகைப் படத்தின் ஒப்பந்தம் அப்படி. டிக்கெட் எடுக்கும்போதே தெரிந்துதான் போகிறோம்: என்னைப் பயமுறுத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியே விட்டுவிடு. கூட நாலு பேர் இருந்தால் இன்னும் நல்லது, கத்தவும் கையைப் பிடித்துக்கொள்ளவும். என் அக்கா மகளும் தோழிகளும் மிக்சர் தின்றதில் எந்தத் தவறும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் குரலில் அந்தக் குற்ற உணர்வு இருந்தது.

போர்ப்படம் இந்த ஒப்பந்தத்தைப் போட முடியாது. அங்கே கதவு ஏற்கெனவே திறந்தாகிவிட்டது. நடந்தது என்ன என்று நமக்கு முன்கூட்டியே தெரியும், செத்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பெயர் இருந்தது, அவர்களின் தங்கையோ மகனோ இன்றைக்கும் எங்காவது உயிரோடு இருந்து இந்தப் படத்தைப் பார்க்கக்கூடும். படம் முடிந்து விளக்குப் போட்டாலும் அது முடிவதில்லை. அவளுக்குத் தூக்கம் வராததற்கு என்னால் சொல்ல முடிந்த முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கேமரா. நாம் யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பது.

1978இல் ஜான் கார்ப்பெண்டர் எடுத்த ‘ஹாலோவீன்’ கொலைகாரனின் கண்ணிலிருந்து தொடங்குகிறது. கேமரா ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறது, சமையலறைக்குள் போகிறது, கத்தியை எடுக்கிறது, மாடி ஏறுகிறது, முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்கிறது. அதற்கப்புறம் முகமூடியின் இரண்டு ஓட்டை வழியாகத்தான் நாம் பார்க்கிறோம், குத்துவதும் அப்படித்தான் தெரிகிறது. வெளியே வந்து முகமூடியைக் கழற்றினால் ஆறு வயதுப் பையன். நாம் இவ்வளவு நேரம் அவனுக்குள் இருந்திருக்கிறோம். ஆனால் படம் போகப் போக நம்மை மெல்ல இடம் மாற்றிவிடுகிறது, கடைசியில் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு நடுங்கும் பெண்ணோடு நாமும் ஒளிந்திருக்கிறோம். இந்தமாதிரிப் படங்களில் எல்லோரும் செத்தபின் மிஞ்சி நின்று கொலைகாரனை எதிர்கொள்கிறவள் ஒரு பெண் என்பதைக் கவனித்து, கேரல் க்ளோவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1987இல் அவளுக்குக் ‘கடைசிப் பெண்’ என்று பெயரே வைத்தார். பெண்ணை வெட்டுவதை ரசிக்கத்தான் பையன்கள் இந்தப் படத்துக்குப் போகிறார்கள் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள், அதே பையன்கள் படத்தின் பாதியில் அந்தப் பெண்ணாகவே மாறி ஓடுகிறார்கள் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று. திகில் படத்தைக் கீழாக நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. டாம் சவினி. 1978இல் வந்த ‘டான் ஆஃப் த டெட்’, 1980இல் வந்த ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ ஆகிய படங்களில் அறுந்த கை, பிளந்த தலை எல்லாம் செய்த ஒப்பனைக் கலைஞர். அவர் அதற்கு முன்னால் வியட்நாம் போரில் ராணுவப் புகைப்படக்காரர். உண்மையான உடல்களைக் கேமரா வழியாகப் பார்த்துப் பார்த்து வந்தவர்தான் அமெரிக்கத் திகில் சினிமாவுக்கு உடம்பு எப்படிச் சிதையும் என்று செய்து காட்டினார். போர்ப்படம் ஒரு பக்கம், பேய்ப்படம் ஒரு பக்கம் என்று நாம் பிரித்து வைத்தாலும், பேய்ப்படத்து ரத்தத்தில் ஒரு பங்கு போரிலிருந்து வந்தது.

போர்ப்படத்துக்கு வருவோம். இங்கேதான் என் மனதில் இருப்பதை நேராகச் சொல்ல வேண்டும். திகில் படத்தை விட, நல்ல நோக்கத்தோடு எடுக்கப்படும் போர்ப்படம்தான் வன்முறையைக் காட்டுவதில் அதிகமாகத் தவறக்கூடியது. திகில் படம் உன்னைப் பயமுறுத்தத்தான் வந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. போர்ப்படம் உண்மையைச் சொல்ல வந்தேன் என்கிறது. அந்த வார்த்தையை நம்பி நாம் காவலை இறக்கி வைத்துவிடுகிறோம், எதைக் காட்டினாலும் ‘இப்படித்தானே நடந்தது’ என்று ஏற்றுக்கொள்கிறோம். நடந்ததுதான் என்பது எப்படியும் காட்டலாம் என்பதற்கு அனுமதி ஆகாது.

இதைப் பற்றி உலக சினிமாவில் நடந்த புகழ்பெற்ற சண்டை ஒரே ஒரு ஷாட்டை வைத்து நடந்தது. 1960இல் இத்தாலிய இயக்குநர் ஜில்லோ பொன்டெகார்வோ நாஜி வதைமுகாமைப் பற்றி ‘கப்போ’ என்று ஒரு படம் எடுத்தார். அதில் தெரேஸ் என்ற கைதி, இம்மானுவேல் ரீவா நடித்த பாத்திரம், இனித் தாங்காது என்று மின்சார முள்வேலியில் பாய்ந்து உயிரை விடுகிறாள். அவள் உடல் வேலியில் தொங்குகிறது. அந்த நேரத்தில் கேமரா டிராலியில் முன்னோக்கி நகர்கிறது, கீழிருந்து மேலாக அவளைப் பார்க்கும்படி, தூக்கிய கை ஃபிரேமின் ஓரத்தில் அழகாக அமையும்படி போய் நிற்கிறது. அவ்வளவுதான். சில வினாடிகள்.

1961இல் ஜாக் ரிவெட் என்ற பிரெஞ்சு விமர்சகர், பின்னாளில் அவரும் பெரிய இயக்குநர், இந்த ஒரு டிராலி ஷாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அந்த நேரத்தில் அந்த நகர்வைச் செய்யத் தீர்மானித்த மனிதன் மிக ஆழமான வெறுப்புக்குத்தான் தகுதியானவன் என்று எழுதினார். முதலில் படிக்கும்போது எனக்கு இது ரொம்ப அதிகம் என்று பட்டது. பொன்டெகார்வோ யூதர், பாசிசத்துக்கு எதிரான தலைமறைவுப் போராட்டத்தில் இருந்தவர், முகாம்களின் கொடுமையை உலகம் மறக்கக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தவர். அவரையா இப்படிச் சொல்வது?

பிறகு அந்த நகர்வை மனதில் ஓட்டிப் பார்க்கும்போது ரிவெட் எதைக் கண்டு கொதித்தார் என்பது புரிந்தது. டிராலி தானாக நகராது. தண்டவாளம் போட வேண்டும், கேமராவை ஏற்ற வேண்டும், தள்ளுகிறவர் ஒத்திகை பார்க்க வேண்டும், கை ஃபிரேமுக்குள் சரியாக வருகிறதா என்று யாராவது கண்ணை வைத்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்ல வேண்டும். ஒரு பெண் இனி வாழ முடியாது என்று செத்துக் கிடக்கும் இடத்தில், அவள் சாவை இன்னும் கொஞ்சம் அழகாக்கலாமே என்று ஒரு மனம் வேலை செய்திருக்கிறது. கூடவே நம்மையும் இழுத்துக்கொண்டு போகிறது. தள்ளி நின்று தலை குனிய வேண்டிய நாம் கிட்டப் போய் ரசிக்கிறோம். எழவு வீட்டுக்குப் போகிறவர் பிணத்தின் கை கோணலாக இருக்கிறது என்று போட்டோவுக்காகச் சரி செய்வதை நினைத்துப் பாருங்கள். மனிதரைப் பற்றி ரிவெட் சொன்னதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஷாட்டைப் பற்றிச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். செர்ஜ் டேனி என்ற இன்னொரு விமர்சகர் 1992இல், தான் ‘கப்போ’வைப் பார்த்ததே இல்லை, ஆனால் ரிவெட் எழுதிய அந்தச் சில வரிகள்தான் வாழ்நாள் முழுக்க எது சரியான சினிமா என்று தனக்குச் சொல்லிக் கொடுத்தன என்று எழுதினார்.

இதே தவறு இன்றைக்கு வேறு உருவங்களில் வருகிறது. குழந்தை விழும்போது காட்சி ஸ்லோமோஷனுக்கு மாறும், பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சோகமாக ஏறும், எங்கே அழ வேண்டும் என்று படமே கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். இன்னொரு தவறு நாயகன். செத்தவர்கள் எல்லாம் கூட்டமாக, பெயரில்லாமல், தூரத்தில். காப்பாற்றுகிறவர் மட்டும் குளோசப்பில். முழு இனத்தின் சாவும் ஒரு நல்ல மனிதரின் முகம் வாடுவதற்குப் பின்னணி ஆகிவிடும். நான் மேலே பாராட்டிய ‘ஹோட்டல் ருவாண்டா’வும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை. அந்த ஹோட்டலில் உயிர் பிழைத்தவர்களில் சிலர், படம் ஒரே ஒருவரை மீட்பராக்கிவிட்டது, நடந்தது அப்படியில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். பனிச் சாலைக் காட்சி அப்போதும் எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது, ஆனால் அந்தக் குரல்களையும் சேர்த்துத்தான் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் வதைமுகாமுக்குள் கேமரா போகவே கூடாதா? ஹங்கேரி இயக்குநர் லாஸ்லோ நெமெஷ் 2015இல் ‘சன் ஆஃப் சால்’ எடுத்தபோது இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 1944, ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாம். சால் என்பவன் சொண்டர்கொமாண்டோ, அதாவது விஷவாயு அறையில் செத்தவர்களை இழுத்து அப்புறப்படுத்தும் வேலைக்கு நாஜிகள் கட்டாயப்படுத்தி வைத்திருந்த யூதக் கைதிகளில் ஒருவன். படம் முழுக்கக் கேமரா அவன் முகத்தையும் முதுகையும் ஒட்டியே போகிறது. ஃபிரேமே பழைய படங்கள் மாதிரி கிட்டத்தட்டச் சதுரம், பக்கவாட்டில் பார்க்க இடமில்லை. ஃபோகஸ் அவன் மேல் மட்டும், பின்னால் நடப்பதெல்லாம் மங்கல். அந்த மங்கலில் வெளிறிய உடல்கள் இழுபடுவது தெரிகிறது, எதுவும் தெளிவாக இல்லை. அவன் பார்ப்பதை நிறுத்திவிட்டான், பார்த்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது. நம் கண்ணும் அதே நிலைக்குப் போகிறது. ஆனால் காது மூடவில்லை. கதவு சாத்தும் சத்தம், உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம், பல மொழிகளில் கத்தல் எல்லாம் தெளிவாக வருகிறது.

காது என்றதும் இலங்கையின் வன்னியில் வளர்ந்த ஒரு தோழி நினைவுக்கு வருகிறாள். பேய்ப்படம் என்றால் அவளுக்கு உயிர், தனியாக ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பாள். போர்ப்படத்தில் ரத்தம் வந்தாலும் பார்த்துவிடுவாள். விமானம் தாழப் பறக்கும் சத்தம் வந்தால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். “கிபிர் சத்தம் மாதிரியே இருக்கு” என்று ஒருமுறை சொன்னாள், கிபிர் என்பது இலங்கை விமானப்படையின் குண்டு போடும் விமானம், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. படம் எடுக்கிறவருக்கு ஒலிப்பதிவில் ஒரு டிராக், கேட்கிறவருக்கு அது பதுங்குகுழி. திரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லாமலே அவளுக்குப் போர் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு வகையும் சந்திக்கிற இடங்களும் உண்டு, அவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். 1985இல் எலெம் கிளிமோவ் எடுத்த ‘கம் அண்ட் சீ’ பெலாரஸில் நாஜிகள் கிராமங்களை எரித்ததைப் பற்றியது. மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட கிராமங்கள் 628 என்று கடைசியில் எழுத்தில் போடுகிறது. எடுத்த விதம் பார்த்தால் திகில் படம். குண்டு விழுந்ததும் கதையின் நாயகனான பையனின் காது அடைத்துப்போகிறது, படத்தின் ஒலியும் கூடவே அடைத்துக்கொண்டு ரீங்கரிக்கிறது. அவன் முகம் நேராக நம்மைப் பார்க்கிறது, படம் முடிவதற்குள் அந்தப் பிள்ளை முகம் கிழவன் முகமாகிவிடுகிறது. எதிர்ப் பக்கத்திலிருந்து வருவது பாபக் அன்வாரியின் ‘அண்டர் த ஷேடோ’, 2016. ஈரான்-ஈராக் போர்க்காலத்துத் தெஹ்ரான், வெடிக்காத ஏவுகணை ஒன்று அடுக்குமாடியின் கூரையில் வந்து செருகுகிறது, அதன் பிறகு வீட்டுக்குள் ஜின் நடமாட்டம். பயம் தாங்காமல் தாய் மகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் தெருவுக்கு ஓடி வருகிறாள். முக்காடு போடாமல் வெளியே வந்ததற்காக அவளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அணங்குக்குப் பயந்து ஓடியவள் இறையின் கையில் மாட்டுகிறாள். தொல்காப்பியம் ஏன் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தது என்று இந்தக் காட்சியில் புரிந்தது எனக்கு.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் யு, யு/ஏ, ஏ என்று இருந்ததில் நடுவில் இருந்த யு/ஏ 2024இல் 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் சான்றிதழ் எண்ணுவது காயங்களை; கேமரா எந்த மனதோடு நின்றது என்பதை எந்தக் குழுவாலும் எண்ண முடியாது, அதைப் பார்க்கிறவர்தான் செய்ய வேண்டும். வன்முறைக் காட்சி வரும்போது அக்கா மகளை நான் கவனிக்கச் சொன்னது கொஞ்சம்தான். அடிபடுகிறவருக்குப் பெயர் இருக்கிறதா, அடி விழுவதற்கு முன்னால் அவர் சிரித்ததையோ சாப்பிட்டதையோ படம் காட்டியதா. அடி விழும்போது கேமரா யார் பக்கத்தில் நிற்கிறது. அப்புறம், இதுதான் பெரிது, அடி விழுந்த பிறகு படம் அங்கே எவ்வளவு நேரம் இருக்கிறது, யாராவது வந்து தேடுகிறார்களா. திகில் படத்துக்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம், சில நல்ல திகில் படங்கள் ஆச்சரியப்படும்படி பதில் சொல்லும்.

இதையெல்லாம் ஒரே படத்தில் பார்க்க வேண்டுமென்றால் 2020இல் யஸ்மிலா ஷ்பானிச் எடுத்த ‘க்வோ வாடிஸ், ஐடா?’ பார்க்கச் சொன்னேன். 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில், ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்திருந்த ஊரில், 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். இயக்குநர் போஸ்னியத் தலைநகர் சரயேவோக்காரர், அந்த நகரம் முற்றுகையில் இருந்த காலத்தை உள்ளிருந்து வாழ்ந்தவர். ஐடா ஐ.நா. படையிடம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் பள்ளி ஆசிரியை. கணவனையும் இரண்டு மகன்களையும் எப்படியாவது முகாமுக்குள்ளேயே வைத்துக்கொள்ள அவள் ஓடும் ஓட்டம்தான் படம். கடைசியில் ஆண்களை ஒரு அரங்கத்துக்குள் அடைக்கிறார்கள். சுவரில் புரொஜக்டர் வைக்கும் துளைகள் வழியாகத் துப்பாக்கி முனைகள் எட்டிப் பார்க்கின்றன. அங்கே கேமரா உள்ளே நிற்கவில்லை, வெளியே வந்துவிடுகிறது. சாதாரணத் தெரு. சுடும் சத்தம் மட்டும் கேட்கிறது, அது சீக்கிரம் நிற்பதில்லை.

படம் அதோடு முடிந்திருந்தால் அதுவும் கதவு, அலறல், மூச்சு என்ற கணக்கில் சேர்ந்திருக்கும். முடியவில்லை. வருஷங்கள் கழித்து ஐடா ஊருக்குத் திரும்பி வருகிறாள். அவள் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ஒரு பெரிய கூடத்தின் தரையில், தோண்டி எடுத்த எலும்புகளையும் நைந்துபோன துணிகளையும் செருப்புகளையும் வரிசை வரிசையாக விரித்து வைத்திருக்கிறார்கள், பெண்கள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். ஐடாவும் நடக்கிறாள், ஓரிடத்தில் நின்று உட்கார்ந்துவிடுகிறாள். கேமரா அவளோடு இருக்கிறது.

பிறகு அவள் மறுபடி பள்ளிக்கு வேலைக்குப் போகிறாள். பள்ளி விழா. கொன்றவர்களின் குடும்பங்களும் பறிகொடுத்தவர்களும் ஒரே கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், மேடையில் சின்னப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தில் பிள்ளைகள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள், திறக்கிறார்கள், மறுபடி பொத்திக்கொள்கிறார்கள்.